செந்தோசா விடுதியில் அறை கேட்ட விதம்

சிங்கப்பூரின் செந்தோசாத் தீவிலுள்ள ஒரு உல்லாச விடுதியில், முட்டிவலியுள்ள அம்மாவுக்காக மின்தூக்கிக்கு அருகே அறை வேண்டுமென்று முன்பதிவுத் தளத்தில் குறித்திருந்தும், அந்தக் குறிப்பு விடுதியின் பதிவில் ஏறவே இல்லை என்பது தொலைபேசியில் விசாரித்தபோதுதான் தெரிந்தது. பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, காரணத்தோடு அந்த ஒரே வேண்டுகோளை விடுதிக்கே மின்னஞ்சலில் அனுப்பினேன். கடற்காட்சி, உயர்மாடி என்று பட்டியல் நீண்டால் எது முக்கியம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலும் விருந்தினர் வரும் நாளுக்கு முந்தைய நாளோ அன்று காலையோ அறைகளை ஒதுக்கிவிடுவார்கள் என்பதால், முந்தைய நாளே மீண்டும் நினைவூட்டினேன். கேட்டபடியே கிடைத்தது. கடல் பார்த்த பெரிய அறைக்கு மாற இரவுக்குக் கூடுதலாக 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று முகப்பில் சொன்னார்கள். 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதன்மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் சேர்ந்தால் அது 119.90 வெள்ளி என்று நான் கணக்குச் சொன்னதும், அம்மாவே வேண்டாமென்று முடித்துவிட்டார்.