டெல்லியில் மடக்குக் கத்தி சேர்ப்பவர்களுக்கு

வாங்கும் முன் ஸ்கேலை எடுத்து அலகை அளந்து பாருங்கள். டெல்லியில் 1980-ல் வந்த அறிவிக்கைப்படி பட்டன் கத்தி, ஸ்பிரிங் கத்தி, கராரி (பற்சக்கரம் போன்ற அமைப்பு) வைத்த கத்தி எல்லாம் அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் தொட்டுவிட்டால் ஆயுதச் சட்டத்துக்குள் வந்துவிடும், அதனால் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் செய்யும் பெரிய மடக்குக் கத்தியான ராம்பூர் கத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் பையில் போட்டுக்கொண்டு கரோல் பாக் பக்கம் சுற்றவே கூடாது.

தினமும் வைத்துக்கொள்ள, சுவிஸ் நிறுவனமான விக்டோரினாக்ஸின், மடக்கினால் 58 மில்லிமீட்டர் நீளம் வரும் சின்னக் கத்தி தாராளமாகப் போதும். பார்சல் பிரிக்க, நூல் வெட்ட வேறென்ன வேண்டும்? ஆனால் மெட்ரோ வாசலில் எக்ஸ்ரே உண்டு, அன்றைக்கு வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சென்னைக்கு விமானத்தில் போனால் செக்-இன் பெட்டியில்தான்.

சேகரிப்புக்கு என் முதல் தேர்வு ஒப்பினெல். பிரான்ஸின் சவாய் பகுதியில் 1890-ல் பிறந்த கத்தி, மரப்பிடி, அலகைப் பூட்டும் வளையம் 1955-ல் சேர்ந்தது. கார்பன் ஸ்டீல் வகை கூர் தீட்டச் சுலபம், ஆனால் மாங்காயோ எலுமிச்சையோ நறுக்கிவிட்டு அப்படியே மடக்கினால் கறுத்துப்போகும், ஜூலை ஈரத்தில் துருவும் ஏறும். உடனே துடைத்து, நன்றாக உலர்த்தி, மூட்டில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், குளிரில் உறைந்து மூட்டை இறுக்கிவிடும். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதனால் மாதக்கணக்கில் அதற்குள் போட்டு வைக்காதீர்கள். அப்புறம், ஒவ்வொரு கத்தியையும் அவ்வப்போது திறந்து பாருங்கள், துரு பெரும்பாலும் மூட்டுப் பக்கம்தான் முதலில் ஆரம்பிக்கும்.