சுவரின் முதுகில் நிற்கும் தண்ணீர்: மலைச்சரிவில் தடுப்புச்சுவர் கட்டும்போது நடக்கும் தவறுகள்

ஐப்பசி பிறந்தால் குன்னூரில் அடிக்கடி காதில் விழும் செய்தி: "கல்லாறுக்கு மேலே மண் சரிஞ்சிருக்கு, மலை ரயில் ரத்து." கல்லாறு முதல் குன்னூர் வரை பாதை ஏறுவது வடகிழக்குப் பருவமழை நேராக வந்து மோதும் சரிவில். 12 அடிக்கு 1 அடி ஏற்றம் என்பதால், நடுவில் உள்ள பல்சட்டத்தைப் பல்சக்கரம் கவ்வித்தான் ரயில் மேலே வரும். அந்தப் பற்களுக்குள் ஒரு கல் சிக்கினாலும் வம்புதான். ரயில்வே தன் பக்கம் பார்த்துக்கொள்ளும். தண்டவாளத்துக்கும் சாலைக்கும் அடுத்தவர் கூரைக்கும் மேலே நாம் எழுப்பும் கல்கட்டுகளைப் பற்றியே இங்கே சொல்கிறேன்.

பெரிய தவறு, பின்னால் சேரும் நீர் வெளியேறச் சுவரில் விடும் வடிதுளைகளை அடைப்பது. அதை நானே செய்திருக்கிறேன். வெள்ளையடித்த சுவரில் செம்மண் நீர் ஒழுகிக் கறை படிகிறதே என்று மேஸ்திரியிடம் சொல்லித் துளைகளில் சிமென்ட் பூசவைத்தேன். இரண்டு மழைக்காலம் தாங்கியது. மூன்றாவதில் சுவர் கர்ப்பிணி வயிறு போல முன்னால் தள்ளி நின்றது. கணக்கு எளிது: 3 மீட்டர் உயரச் சுவரின் பின்னால் தண்ணீர் முழுதாகத் தேங்கினால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் நாலரை டன் தள்ளுவிசை. உயரம் இரட்டித்தால் விசை நாலு மடங்கு. மண்ணின் தள்ளுதல் இதற்கு மேல் தனி. அடைமழையில் துளைகள் ஒழுகினால் நிம்மதியாகத் தூங்கலாம். காய்ந்திருந்தால் பின்னால் எங்கோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

துளை வைத்தால் மட்டும் போதாது. வெட்டிய களிமண்ணையே சுவருக்குப் பின்னால் திருப்பிக் கொட்டுவார்கள், லாரி வாடகை மிச்சமாம். அது நீரை விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். ஓர் அடி அகலத்துக்காவது ஜல்லி போட்டு, மண் வந்து அடைக்காதபடி வடிகட்டும் துணி வைக்க வேண்டும்.

பாலைவன ரயில்பாதைகளிலும் இதே பாடம் வேறு உருவில் இருக்கிறது. அங்கே மண்ணைச் சுமந்து வருவது காற்று. மணலை நிறுத்த அடர்த்தியான சுவரை விட, கிட்டத்தட்ட பாதி திறந்திருக்கும் வேலியே நன்றாக வேலை செய்கிறது. காற்று வேகம் குறைந்து மணலைக் கீழே போட்டுவிடும். சீனாவில் ஷாபோதோ அருகே தண்டவாளத்தைக் காக்க வைக்கோலை ஒரு மீட்டர் கட்டங்களாக மணலில் செருகியிருக்கிறார்கள், முழங்கால் உயரம்கூட இல்லை. வேலியைத் தண்டவாளத்துக்கு மிக அருகே வைத்தால் மணல் தண்டவாளத்தின் மேலேயே குவியும். நம் ஊரிலும் சரிவின் அடியை நெட்டுக்குத்தாக வெட்டி, வீட்டை ஒட்டியே சுவர் வைப்பவர்கள் உண்டு. சரியும் மண் விழுந்து தங்க இடமே இருக்காது.

அப்புறம், சுவருக்கு மேலே என்ன நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. சமையலறைத் தண்ணீர், கழிவறைத் தொட்டியின் உறிஞ்சுகுழி எல்லாம் சரிவின் தலையிலேயே இருக்கும். உச்சியில் கால்வாய் வெட்டி மழைநீரைத் திருப்புவது நல்லதுதான். ஆனால் அதில் விரிசல் விட்டால் தண்ணீர் நேராக மண்ணுக்குள் இறங்கும். கால்வாயின் கடைசி முனையை அடுத்தவர் சரிவில் விடுவதும், அங்கே அடுத்த சரிவுக்கு அச்சாரம் போடுவதுதான்.

சரிவைப் பிடிக்க வெட்டிவேர் நல்ல துணை. சுவரின் தலையிலேயே பெரிய மரம் மட்டும் வேண்டாம்.

கால்வாய் தூர்வாரும் வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசியில் கூலிக்கு ஆள் கிடைத்தாலும் மழை வேலை செய்ய விடாது.