வானிலைப் பதிவில் அலகுகள் குழம்பாமல் இருக்க

என் வானிலைக் கருவி வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டிலும் காற்றழுத்தத்தைப் பாதரச அங்குலத்திலும் காட்டும். மழைமானியில் மில்லிமீட்டர். சில மாதப் பதிவுகளை ஒரே அட்டவணையில் சேர்க்க உட்கார்ந்தபோதுதான் தலை சுற்றியது.

முதலில் அலகுகளை முடிவு செய்துவிடுங்கள். வெப்பநிலைக்குச் செல்சியஸ், மழைக்கு மில்லிமீட்டர், அழுத்தத்துக்கு ஹெக்டோபாஸ்கல். மில்லிபாரில் இருந்தால் எண்ணைத் தொடவே வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். காற்றுக்கு உலக வானிலை அமைப்பு விநாடிக்கு மீட்டர் என்கிறது. மணிக்குக் கிலோமீட்டரும் சரிதான். நான் முன்னதையே வைத்துக்கொண்டேன். எதை எடுத்தாலும் கலக்காதீர்கள்: வெறும் 10 என்று எழுதியிருந்தால் அது இளங்காற்றா, மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றா என்று பிறகு யாருக்கும் தெரியாது.

அடுத்து, அலகைத் தலைப்பில் மட்டும் எழுதுங்கள். கட்டத்துக்குள் எண் மட்டும். கருவி தந்த எண்ணை அழிக்காமல், மாற்றியதைப் பக்கத்துப் பத்தியில் போடுங்கள்.

அழுத்தத்தையும் மழையையும் மாற்றுவது வெறும் பெருக்கல்தான். பாதரச அங்குலத்தை 33.86 ஆலும், மழை அங்குலத்தை 25.4 ஆலும் பெருக்கினால் போதும். கைப்பேசிச் செயலிகளில் ஒவ்வொன்றாகத் தட்டுவது எனக்குப் பிடிக்காது. லிப்ரேஆபீஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருளில் ஒருமுறை சூத்திரம் எழுதி இழுத்துவிட்டால் வேலை முடிந்தது.

நான் சறுக்கியது வெப்பநிலையில். பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம் 9 ஃபாரன்ஹீட் பாகை. அதையும் கால்க்கின் கன்வெர்ட் சூத்திரத்தில் கொடுத்தேன், மைனஸ் 12.8 என்று வந்தது! பகலைவிட இரவு சூடா? ஒரு மாலை முழுக்கக் கருவியைத்தான் சந்தேகப்பட்டேன். தப்பு என்னுடையது. அந்தச் சூத்திரம் 32ஐக் கழித்துவிட்டுத்தான் 5/9 ஆல் பெருக்கும். வித்தியாசத்தில் அந்த 32 ஏற்கெனவே அடிபட்டுப் போயிருக்கும், அதனால் 5/9 மட்டும் போதும்: விடை 5. இதைவிட நல்ல வழி, இரண்டு வெப்பநிலைகளையும் முதலில் செல்சியஸுக்கு மாற்றிவிட்டு அப்புறம் கழிப்பது.

தசமத்தைச் சுருக்குவது கடைசியில். சுருக்கிய எண்ணில் சராசரி எடுத்தால் பிழை சேர்ந்துகொள்ளும்.

பின்சேர்க்கை: மாற்றிய பிறகும் அழுத்தம் வானிலை அறிக்கையைவிடக் குறைவாகவே இருக்கிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். அது அலகுப் பிரச்சினை இல்லை. அறிக்கையில் வருவது கடல்மட்டத்துக்குத் திருத்திய அழுத்தம். தாழ்வான இடங்களில் சுமார் 8 மீட்டர் ஏறினால் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். ஆகவே தலைப்பில் அலகோடு ‘கடல்மட்டம்’ அல்லது ‘நிலைய மட்டம்’ (கருவி இருக்கும் உயரம்) என்றும் சேர்த்து எழுதிவிடுங்கள்.