கேரேஜ் ராக் சத்தம் எடுப்பது எப்படி: ஒரு ஃபஸ் பெடல், ஒரு சின்ன ஆம்ப், இரண்டு மைக்

முதல்முறை ஃபஸ் பெடல் (காலால் மிதித்ததும் கிடார் ஒலியைக் கரகரப்பாக்கும் சின்னப் பெட்டி) வாங்குபவர்களில் பலர் செய்வது இதுதான். பெடலில் ஃபஸ் குமிழை முழுக்கத் திருப்புவார்கள், ஆம்பில், உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் கெயின் குமிழையும் ஏற்றுவார்கள், பதிவு செய்த பிறகு கணினியில் இன்னொரு டிஸ்டார்ஷனையும் மேலே போடுவார்கள். கடைசியில் கேட்பது தேனீக் கூட்டை டப்பாவில் அடைத்துக் குலுக்கியது போன்ற இரைச்சல். எந்தக் கார்ட் வாசிக்கப்படுகிறது என்றே தெரியாது.

1960களில் இளைஞர் குழுக்கள் எளிய கருவிகளோடு வாசித்த முரட்டு ராக் இசைதான் கேரேஜ் ராக். அந்தப் பதிவுகளைக் கவனித்துக் கேளுங்கள். கிடார் ஒலி பெரும்பாலும் ஓர் இடத்தில்தான் உடைகிறது, அதாவது சிதைந்து கரகரக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் இருப்பதெல்லாம் ஓரளவு சுத்தமாகவே இருக்கும். எங்கே உடைப்பது என்று முடிவு செய்வதுதான் முதல் வேலை.

தேவையானவை: ஒரு எலக்ட்ரிக் கிடார், ஒரு ஃபஸ் பெடல், 5 முதல் 15 வாட் வரையிலான ஆம்ப், டிரம்ஸ், இரண்டு டைனமிக் மைக் (ஷூர் எஸ்எம்57 அல்லது எஸ்எம்58 தாராளமாகப் போதும்), இரண்டு உள்ளீடு உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ். பேஸ் கிடாரும் ஆர்கனும் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. டெட்ராய்ட்டின் தி கோரீஸ், தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் இரண்டுமே பேஸ் இல்லாத குழுக்கள்.

படி 1: எங்கே உடைப்பது?

பழைய ஆட்கள் உடைத்த இடங்கள் மூன்று. ஒன்று, ஸ்பீக்கர். 1958-இல் கிடார் கலைஞர் லிங்க் ரே தன் ஆம்பின் ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை போட்டார். 1964-இல் தி கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், எல்பிகோ என்ற மலிவான சின்ன ஆம்பின் ஸ்பீக்கர் கூம்பை பிளேடால் கீறி, அதை வாக்ஸ் ஏசி30 வழியாக வாசித்தார். கிழிந்த காகிதம் அதிரும்போது வரும் கரகரப்புதான் அந்தக் குழுவின் முதல் பெரிய வெற்றிப் பாட்டில் கேட்கும் கிடார்.

இரண்டாவது, டிரான்சிஸ்டர். 1960களின் தொடக்கத்தில் நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் மிக்ஸர் மேசையின் ஒரு சானல் பழுதாகி, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் தனி வாசிப்பு உறுமலாகப் பதிவானது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதையே ஒரு சர்க்யூட்டாக வடிவமைத்து கிப்சன் நிறுவனத்திடம் கொடுக்க, 1962-இல் அது மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று சந்தைக்கு வந்தது.

மூன்றாவது, ஒலிநாடா. வாஷிங்டன் மாநிலத்து டகோமாவின் தி சானிக்ஸ் 1965-இல் வெளியிட்ட முதல் ஆல்பம் இரண்டு டிராக் டேப்பில், டிரம்ஸ் முழுவதற்கும் ஒரே மைக் வைத்துப் பதிவானது. மேல் அளவுக்கும் அதிகமாகத் தள்ளப்பட்ட அந்தச் சத்தத்துக்கு இன்றும் வயதாகவில்லை. கேரேஜ் ராக் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் முதலில் போட்டுக் காட்ட வேண்டியது அதைத்தான்.

ஸ்பீக்கரைக் கிழிக்க வேண்டாம். கிழித்தால் திரும்ப ஒட்டாது, வேறு எந்தச் சத்தமும் அந்த ஆம்பிலிருந்து கிடைக்காது. வால்வ் ஆம்பின் உள்ளே கை வைக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். தொடக்கக்காரர்களுக்கு டிரான்சிஸ்டர்தான் சரியான இடம். பெடலில் உடையுங்கள், ஆம்பைச் சுத்தமாக விடுங்கள்.

படி 2: பெடலை இணைப்பது

கிடாரிலிருந்து வரும் கேபிள் நேராக ஃபஸ் பெடலுக்குள் போக வேண்டும். நடுவில் டியூனர்கூட இருக்கக் கூடாது. 1966-இல் லண்டனில் வந்த ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடலில் இரண்டே டிரான்சிஸ்டர்கள்தான். அதன் உள்ளீட்டு மின்தடை மிகக் குறைவு என்பதால் கிடாரின் பிக்கப்பும் அந்தச் சர்க்யூட்டின் ஒரு பகுதியாகவே வேலை செய்கிறது. நடுவில் பஃபர் (சிக்னலை வலுப்படுத்தி அனுப்பும் சர்க்யூட்) உள்ள பெடல் வந்தால் அந்தத் தொடர்பு அறுந்துபோகும். சத்தம் தகரத்தைக் கீறுவது போல மெலியும், கிடாரின் வால்யூம் குமிழைக் குறைத்தாலும் கரகரப்பு தணியாது. டியூனரை ஃபஸ்ஸுக்குப் பின்னால் வையுங்கள்.

குமிழ்களை முதலில் இப்படி வைத்துத் தொடங்கலாம். பெடலில் வால்யூம் கடிகார முள்ளின் 3 மணி நிலையில், ஃபஸ் 2 மணி நிலையில். ஆம்பின் கெயின் 3-க்கு மேல் வேண்டாம். பேஸ் 4, மிட் 7, டிரெபிள் 6. மிட் இவ்வளவு எதற்கு என்றால், ஃபஸ் சத்தம் டிரம்ஸோடும் சிம்பலோடும் சேரும்போது முதலில் காணாமல் போவது நடு அலைவரிசைதான். தனியாகக் கேட்கும்போது கொஞ்சம் மூக்கடைத்தது போல இருந்தால் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் ரிவெர்ப் இருந்தால் 3.

கிடாரில் பிரிட்ஜ் பிக்கப், வால்யூம் 10-இல். மெதுவாக 7-க்கு இறக்கிப் பாருங்கள். பெடலைத் தொடாமலே சத்தம் தெளியும். வெர்ஸுக்கு 7, கோரஸுக்கு 10. ஃபஸ் வாசிப்பில் பாதி வித்தை இந்தக் குமிழில்தான் இருக்கிறது.

ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் உள்ள பெடல் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். இவற்றில் பல, பாசிட்டிவ் கிரவுண்ட் முறையில் (பேட்டரியின் பாசிட்டிவ் முனையைத் தரையாக இணைத்து) செய்யப்பட்டவை. மற்றப் பெடல்களோடு ஒரே அடாப்டரில் சங்கிலியாக மாட்டினால் அடாப்டர் ஷார்ட் ஆகும். 9 வோல்ட் பேட்டரியே போட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பெடல் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு, மாதக்கணக்கில் வரும். வாசித்து முடித்ததும் கிடார் பக்கத்துக் கேபிளைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலான பெடல்களில் அந்த ஜாக்தான் சுவிட்ச். மாட்டியபடியே விட்டால் பேட்டரி வீணாகத் தீர்ந்துகொண்டே இருக்கும்.

இன்னொன்று வெயில். ஜெர்மேனியத்தில் மின்கசிவு சுமார் 10 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். குளிர்ந்த அறையில் அருமையாக ஒலித்த பெடல், சித்திரை மாதத்து மொட்டை மாடி அறையில் விக்கி விக்கி ஒலிக்கும், ஸ்வரம் நீளாமல் பாதியிலேயே அறுந்துவிடும். பெடல் பழுதாகிவிட்டது என்று நினைத்துக் கழற்ற வேண்டாம், அரைமணி நேரம் மின்விசிறிக் காற்றில் வைத்தால் தெளியும். உள்ளே பயாஸ் டிரிம்மர் (டிரான்சிஸ்டரின் மின்னழுத்தத்தைச் சரிசெய்யும் சின்னத் திருகு) இருந்து, மல்டிமீட்டரும் கையில் இருந்தால், இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 4.5 வோல்ட் அளவு வரும்படி திருப்பிவிடலாம். சென்னை, மதுரை வெப்பத்தில் தினமும் வாசிப்பவர்கள் சிலிக்கான் வகையை வாங்குவது நல்லது. சத்தம் கொஞ்சம் கூர்மையாக இருக்கும், ஆனால் வெப்பத்துக்குப் பெரிதாக அசையாது.

படி 3: மூன்று கார்ட்

ஓரிகனின் போர்ட்லண்டில் தி கிங்ஸ்மென் 1963-இல் பதிவு செய்த ‘லூயி லூயி’க்குத் தேவைப்பட்டவை ஏ, டி, இ மைனர் மட்டுமே. ஏ மூன்று தட்டு, டி இரண்டு, இ மைனர் மூன்று, மறுபடி டி இரண்டு. நம் வாயில் சொல்லிப் பார்த்தால் தகிட, தக, தகிட, தக. ஒவ்வொன்றுக்கும் பிறகு சின்ன மூச்சு உண்டு. அந்த மூச்சை விழுங்கிவிட்டால் நாலு தட்டுக் கணக்கு ஐந்தாகி கண்டசாபு நடைக்குப் போய்விடும், டிரம்ஸோடு ஒட்டாது. 120 வேகத்தில் மெட்ரோனோம் வைத்து, ஃபஸ் இல்லாமல், பத்து நிமிடம் கீழ்நோக்கிய அடி மட்டும் அடித்துப் பழகுங்கள்.

ஃபஸ்ஸை மிதித்த பிறகு முழுக் கார்டை வாசிக்க வேண்டாம். ஐந்து, ஆறு கம்பிகளின் ஒலி ஒரே நேரத்தில் உடையும்போது, அவற்றின் கூட்டலிலும் கழித்தலிலும் பிறக்கும் வேண்டாத ஸ்வரங்கள் கொழகொழவென்று நடுவில் புகுந்துகொள்ளும். இரண்டு கம்பி போதும். ஏ-க்கு ஐந்தாவது கம்பி திறந்தபடி, நான்காவது கம்பியில் இரண்டாம் கட்டம். டி-க்கு நான்காவது திறந்தபடி, மூன்றாவதில் இரண்டாம் கட்டம். இ-க்கு ஆறாவது திறந்தபடி, ஐந்தாவதில் இரண்டாம் கட்டம். ஒரே விரல், ஒரே கட்டம், கம்பி மட்டும் மாறுகிறது. வேண்டாத கம்பிகளை வலது உள்ளங்கை ஓரத்தால் லேசாக அமுக்குங்கள்.

இந்த இரண்டு கம்பி வடிவத்தில் மைனரா மேஜரா என்பது தெரியாது. அதைச் சொல்வது கீபோர்டுதான். அங்கே இ-யின் மேல் ஜி அழுத்த வேண்டும். பழக்கத்தில் ஜி-ஷார்ப் அழுத்திவிட்டால் பாட்டின் முறைப்பு போய் சர்ச் பாட்டு போல ஆகிவிடும். ஆர்கன் இல்லாதவர்கள் கைபேசிச் செயலிகளில் ஃபார்ஃபீசா அல்லது வாக்ஸ் கான்டினென்டல் ஒலியைத் தேடுங்கள். வலது கை மட்டும், வைப்ரேட்டோ போட்டு.

படி 4: டிரம்ஸுக்கு ஒரு மைக்

பேஸ் டிரம்முக்கு முன்னால் ஒரு மீட்டர் தள்ளி, ஸ்னேர் டிரம்மின் விளிம்பு உயரத்தில், ஸ்னேருக்கும் பேஸ் டிரம்முக்கும் இடையிலுள்ள வெளியைப் பார்த்து மைக்கை நிறுத்துங்கள். முப்பது வினாடி பதிவு செய்து கேளுங்கள். சிம்பல் மற்றதையெல்லாம் மூடினால் மைக்கை ஒரு சாண் இறக்குங்கள். பேஸ் டிரம் கேட்கவில்லையென்றால் 20 செ.மீ. கிட்டே நகர்த்துங்கள். இதையே நான்கைந்து முறை செய்ய வேண்டியிருக்கும். பின்னால் ஈக்வலைசரில் சரிசெய்துகொள்ளலாம் என்று விடாதீர்கள், ஒரே மைக் வைத்தால் ஸ்னேரையும் சிம்பலையும் பிறகு பிரிக்க வழியே கிடையாது.

எனவே கலவை வாசிப்பவரின் கையில்தான் இருக்கிறது. ஸ்னேரை ஓங்கி, சிம்பலை மெதுவாக. புதிதாக வாசிப்பவர்கள் நேரெதிராகச் செய்வார்கள்.

நம் வீடுகளின் சிமென்ட் சுவர் அறையில் கைதட்டினால் டிங் என்று ஓர் எதிரொலி வரும். ஒரு பக்கச் சுவரில் மட்டும் மெத்தையைச் சாய்த்து வையுங்கள். நான்கு பக்கமும் மூடினால் அறையே செத்துப்போகும், இந்த இசைக்கு அறை வேண்டும்.

படி 5: எல்லோரும் ஒரே அறையில்

கிடார் ஆம்பை டிரம் மைக்கின் முதுகுப் பக்கத்தில், ஒன்றரை மீட்டர் தள்ளி வையுங்கள். கார்டியாய்டு மைக் பின்னாலிருந்து வருவதைக் குறைவாகவே எடுக்கும். இரண்டாவது மைக் ஆம்புக்கு. துணியிலிருந்து 3 செ.மீ. தள்ளி, ஸ்பீக்கரின் நடுக்குமிழ் முடிந்து கூம்பு தொடங்கும் விளிம்பில். நடுவுக்குப் போனால் ஃபஸ் காதைக் குத்தும், ஓரத்துக்குப் போனால் மந்தமாகும். பேஸ் ஆம்பை பேஸ் டிரம்முக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிடுங்கள், டிரம் மைக்கே அதையும் எடுத்துக்கொள்ளும்.

இன்டர்ஃபேஸில் உச்ச அளவு மைனஸ் 10 டெசிபலைத் தாண்ட வேண்டாம். டேப் அளவு மீறும்போது ஒலியின் முனை உருண்டு மழுங்கும், டிஜிட்டலில் மீறினால் முனை வெட்டுப்பட்டு டக் டக் என்று கேட்கும். சத்தமாக வாசிக்க வேண்டும், அளவோடு பதிய வேண்டும்.

குரலைப் பிறகு தனியாக எடுங்கள். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, ‘ப’ வெடிக்காதபடி கொஞ்சம் பக்கவாட்டில் நின்று, முழுக் குரலில். 110 மில்லி வினாடி அளவில் ஒரே ஒரு எதிரொலி, மெல்லிதாக.

படி 6: கலவை

எல்லாவற்றையும் மோனோவில் வையுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் மெதுவாகக் குறையுங்கள். டேப் சாச்சுரேஷன் பிளகின் வேண்டுமென்றால் மொத்தக் கலவைக்கும் சேர்த்து ஒன்று, அணைத்தால்தான் இருந்தது தெரியும் என்ற அளவில். ஏற்கெனவே பெடலில் உடைத்தாயிற்று.

ஒரு பாட்டுக்கு மூன்று டேக் எடுங்கள், அதற்கு மேல் போனால் கை கவனமாகிவிடும். தவறு இருப்பதாலேயே ஒரு டேக்கைத் தள்ளிவிடாதீர்கள். ‘லூயி லூயி’யில் கிடார் தனி வாசிப்பு முடிந்ததும் பாடகர் ஜாக் ஈலி முன்னதாகவே நுழைந்து, சட்டென்று நிறுத்துவார். டிரம்மர் ஓர் உருட்டு உருட்டி அந்தப் பள்ளத்தை நிரப்புவார். அது அப்படியே இசைத்தட்டில் இருக்கிறது. வேகம் இறங்கிப்போன டேக்கைத்தான் தள்ள வேண்டும்.

மூன்றையும் மறுநாள் காலையில் கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். ஸ்னேர், குரல், கிடாரின் தகிட தக மூன்றும் அதில் பிரிந்து கேட்டால் கலவை சரி. கிடார் மட்டும் இரைச்சலாகக் கேட்டால் கலவையைத் தொடாதீர்கள். படி 2-க்குத் திரும்பி, ஃபஸ் குமிழைக் கடிகார முள் கணக்கில் ஒரு மணி அளவு பின்னால் திருப்பிவிட்டு மறுபடி வாசியுங்கள்.