துளசி, புதினா உலர்த்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூலிகை டீ போடப் புதிதாக இறங்குபவர்கள் மூக்கை நம்பியே தரம் பார்க்கிறார்கள். துளசியின் மணம் யூஜினால் போன்ற எண்ணெய்களால் வருவது. அவை தண்ணீரில் குறைவாகத்தான் கரையும். கோப்பைக்குள் இறங்கும் ஆன்டிஆக்சிடன்ட்டில் பெரும்பங்கு ரோஸ்மரினிக் அமிலம் போன்ற பாலிஃபீனால்கள். அந்த அமிலத்துக்கு மணமே கிடையாது. அதனால் அது போனாலும் தெரியாது.

ஈர இலையைக் குவித்து வைப்பது

பெரிய நஷ்டம் இங்கேதான். பறித்த இலையைச் சாக்கில் அமுக்கிக் கொண்டுவந்து, கழுவி, அப்படியே குவித்துவிட்டுப் படுக்கப் போகிறார்கள். காலையில் குவியலுக்குள் கைவிட்டால் சுடும். கசங்கிய இடங்களில் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி, காற்றோடு சேர்ந்து பாலிஃபீனால்களைச் சிதைக்கும்; இலை கறுக்கும். கறுப்புத் தேயிலையில் இதை வேண்டுமென்றே செய்வார்கள். துளசிக்கு இது வெறும் இழப்பு.

'நிழலில் உலர்த்து' என்றதும் சன்னல் சாத்திய புழுக்க அறையில் பரப்புவது அதைவிட எரிச்சல். நிழலோடு காற்றும் வேண்டும். பனி காய்ந்தபின் பறியுங்கள். கழுவினால் உடனே துணியில் ஒற்றி எடுங்கள். வலைத்தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி மின்விசிறியைப் போடுங்கள். மழைக்காலத்தில் உலர்த்தியில் 40 முதல் 45 டிகிரி. இலை நொறுங்கி, காம்பு 'டக்'கென்று ஒடிந்தால் எடுக்கலாம். காம்பு வளைந்தால் டப்பாவில் பூசணம் பிடிக்கும். கறுத்த இலையைச் சுக்குத்தூள் கலந்து மறைக்காமல் எருக்குழியில் கொட்டுங்கள்.

கற்பூரவல்லி சதைப்பற்றுள்ள இலை, சீக்கிரம் காயாது. பச்சையாகவே போடுங்கள்.

முன்கூட்டியே அரைப்பது

வேண்டாம். குடிக்கும்போது கசக்கினால் போதும்.

திறந்து கொதிக்கவிடுவது

200 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் உலர்ந்த இலை. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, இலையைப் போட்டு, 7 முதல் 10 நிமிடம் மூடி வையுங்கள். மூடியில் கோத்த துளிகளைக் கோப்பையிலேயே வடியுங்கள். ஆவியான மணம் அதில்தான் இருக்கிறது.

பால்

ருசிக்காக ஊற்றலாம். அதிலுள்ள கேசின் என்ற புரதம் பாலிஃபீனால்களைப் பிடித்துக்கொள்ளும்.

சாப்பாட்டோடு குடிப்பது

கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்தைப் பாலிஃபீனால் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிக்கட்டும்.

பாக்கெட்டில் ஓராக் எண் போடுவது

ஓராக் என்பது ஆன்டிஆக்சிடன்ட் திறனை அளக்கும் எண். அது சோதனைக்குழாய்க் கணக்கு. உடம்பில் நடப்பதை அது காட்டாது என்றுதான் அமெரிக்க வேளாண்மைத் துறை 2012இல் தன் ஓராக் பட்டியலையே நீக்கியது.