அந்தரங்கமான கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது: டாக்டர் ரூத் காட்டிய வழி

தம்பியோ தோழியோ உங்களை நம்பித் தாம்பத்திய விஷயத்தில் ஒரு சந்தேகம் கேட்டால், சிரித்து மழுப்பாமலும் பயமுறுத்தாமலும் பதில் சொல்ல வேண்டும். அதற்கு, 'டாக்டர் ரூத்' என்று அமெரிக்காவில் பெயர்பெற்ற பாலியல் ஆலோசகர் ரூத் வெஸ்ட்ஹைமர் பேசிய விதத்தைக் கவனித்தாலே போதும். 1980இல் நியூயார்க் வானொலி ஒன்றில், ஞாயிறு நள்ளிரவு தாண்டி, பாலியல் பற்றிப் பேச வெறும் 15 நிமிடம்தான் அவருக்குக் கிடைத்தது. ஐம்பதைக் கடந்த, நாலரை அடி உயரப் பெண்மணி, கனத்த ஜெர்மன் உச்சரிப்பு. அடுத்த ஆண்டே அது ஒரு மணி நேர நேரலையாகி, ஜனங்கள் போன் போட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

முதலில் முகம். கேட்பவர் மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார், உங்கள் புருவம் கொஞ்சம் உயர்ந்தாலும் "சும்மாதான் கேட்டேன்" என்று எழுந்து போய்விடுவார். "கேட்டது நல்லதாப் போச்சு, எப்போதிலிருந்து இப்படி இருக்கு?" என்று தொடங்குங்கள்.

உறுப்புகளைப் பெயர் சொல்லியே பேசுங்கள். ரூத் வானொலியிலேயே அப்படித்தான் பேசினார், எய்ட்ஸ் பீதி பரவிய காலத்தில் ஆணுறையைப் பற்றியும் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். 'அங்கே', 'கீழே' என்றே பழகினால் மருத்துவரிடம் போனாலும் எங்கே வலி என்று சொல்ல வாய் வராது.

அப்புறம், உங்களுக்குத் தெரிந்தது எதுவரை என்பதில் கறாராக இருங்கள். இதுதான் எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது. அவருடைய டாக்டர் பட்டம் கல்வியியலில், 1970இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாங்கியது. பாலியல் சிகிச்சையை ஹெலன் சிங்கர் கப்லான் என்ற மனநல மருத்துவரிடம் பயின்றார். தான் மருத்துவர் இல்லை என்பதை மறைக்காமல், உடம்பில் கோளாறு இருக்கலாம் என்று பட்டால் முதலில் மருத்துவரைப் பார்க்கச் சொல்வார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். விறைப்பு சரியாக வரவில்லை என்றால் சர்க்கரை, ரத்த அழுத்தம், சாப்பிடும் மாத்திரை எதுவும் காரணமாக இருக்கலாம், லேகிய விளம்பரத்தின் பின்னால் ஓடுவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம். பெண்ணுக்கு உறவின்போது வலி என்றால் 'போகப் போகப் பழகிடும்' என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள், தொற்றாக இருக்கலாம், வறட்சியாக இருக்கலாம், தசை தானாக இறுகிக்கொள்வதாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் சிகிச்சை உண்டு.

"இது நார்மலா?" என்று கட்டாயம் கேட்பார்கள். ரூத் அந்த அளவுகோலையே ஏற்றதில்லை. இரண்டு பெரியவர்கள் மனசார விரும்பித் தனிமையில் செய்வது அவர்கள் விஷயம் என்பார். பத்து வயதில், 1939 ஜனவரியில், நாஜிகளிடமிருந்து தப்புவதற்காக ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டிலிருந்து ரயிலேற்றி சுவிட்சர்லாந்தில் ஓர் ஆதரவற்றோர் இல்லத்துக்கு அனுப்பப்பட்ட யூதக் குழந்தை அவர், பெற்றோரை அப்புறம் பார்க்கவே இல்லை. மனிதர்களைத் தரம் பிரித்தால் என்ன ஆகும் என்று அனுபவித்தவர் என்பதால், தன்பாலீர்ப்பு உள்ளவர்களைக் குறைத்துப் பேச அவருக்கு மனம் வரவில்லை. 80களின் அமெரிக்காவில் அதற்குத் துணிச்சல் வேண்டும்.

ஆனால் கட்டாயப்படுத்தல் என்று தெரிந்தால் பொதுவாகப் பேசிக்கொண்டிருக்காதீர்கள், உடனே பாதுகாப்புக்கு வழி பாருங்கள். சம்பந்தப்பட்டது குழந்தை என்றால், இந்தியாவில் இருப்பவர்கள் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைக்கலாம், அழைக்கும்போது குழந்தை சொன்னதை அது சொன்ன வார்த்தையிலேயே சொல்லுங்கள்.