இரண்டு இருந்தால் போதுமா? கப்பல் துறையின் சைபர் பாதுகாப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017 ஜூன் 27 அன்று, கணினிகளை முடக்கும் நாட்பெட்யா என்ற தீம்பொருள் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்குள் புகுந்தது. வந்த வழி, உக்ரைனில் வரிக்கணக்குக்குப் பயன்படும் எம்.ஈ.டாக் மென்பொருளின் அப்டேட். ராட்டர்டாம் முதல் மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகம் வரை அதன் டெர்மினல்களில் வேலை நின்றது. 4,000 சர்வர்களிலும் 45,000 கணினிகளிலும் எல்லாவற்றையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. இழப்பு 25 முதல் 30 கோடி டாலர்.

பேக்கப் இல்லையா என்றால், இருந்தது. யார் எந்தக் கணினியில் நுழையலாம் என்று முடிவுசெய்யும் டொமைன் கன்ட்ரோலர்களுக்குத்தான் தனி பேக்கப் இல்லை. சுமார் 150 கன்ட்ரோலர்கள் ஒன்றையொன்று பார்த்து நகலெடுத்துக்கொண்டிருந்தன. ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறதே என்ற கணக்கு. எல்லாம் சேர்ந்தே போயின. கானாவில் மின்வெட்டால் அணைந்து கிடந்த ஒன்று மட்டும் பிழைத்தது. மீட்பு அதிலிருந்துதான் தொடங்கியது.

நெட்வொர்க்கில் செருகியே இருக்கும் பேக்கப்பை நம்பாதீர்கள். மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், அதில் ஒன்று கேபிளைக் கழற்றி வைத்தது. டொமைன் கன்ட்ரோலர்களில் இருக்கும் பயனர் பட்டியலான ஆக்டிவ் டைரக்டரிக்கும் இதே விதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெற்று சர்வரில் மீட்டுப் பார்த்து, எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்து வையுங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நாங்கள் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை.

"பெரும்பாலும் பேட்ச் (மென்பொருள் ஓட்டையை அடைக்கும் அப்டேட்) போட்டாச்சு" என்று இருந்துவிடுவது அடுத்த தவறு. நாட்பெட்யா பயன்படுத்திய ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே பேட்ச் கொடுத்துவிட்டது. ஆனால் விடுபட்ட ஒரே ஒரு கணினியின் நினைவகத்தில் அட்மின் பாஸ்வேர்டு சிக்கினாலே போதும். அதை வைத்து பேட்ச் போட்ட கணினிகளுக்குள்ளும் நுழைந்துவிடும். அன்றாட வேலைக்கு அட்மின் கணக்கில் லாகின் செய்யாதீர்கள்.

கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜிலும் இதே கதைதான். கடல் வரைபடத்தை (சார்ட்) திரையில் காட்டும் எக்டிஸ் கருவி இரண்டு இருக்கும். ஒரே யூஎஸ்பியை ஒரே நாளில் இரண்டிலும் செருகி சார்ட் அப்டேட் செய்வார்கள். அந்த யூஎஸ்பியில் வைரஸ் இருந்தால் இரண்டும் ஒன்றாகப் படுத்துவிடும். அதற்கென்றே ஒரு யூஎஸ்பி ஒதுக்கி, தனிக் கணினியில் ஸ்கேன் செய்து, முதலில் ஒன்றில் மட்டும் போடுங்கள். அது ஒழுங்காக ஓடுகிறதென்று பார்த்த பிறகு மற்றதில். எக்டிஸ் யூஎஸ்பி போர்ட்டில் போன் சார்ஜ் போடுவது கூடவே கூடாது.

இரண்டு ஜிபிஎஸ் ரிசீவர்களும் ஒரே எண்ணைக் காட்டினால் சரி என்று எடுத்துக்கொள்வதும் ஆபத்து. போலி சிக்னல் இரண்டையும் ஒன்றாகவே ஏமாற்றும். 2017 ஜூனில் கருங்கடலில் நின்ற கப்பல்கள், கரையில் உள்ள ரஷ்யாவின் கெலென்ஜிக் விமான நிலையத்தில் இருப்பதாக ஜிபிஎஸ் காட்டியது. கரை தெரியும் இடத்தில் ரேடார் ரேஞ்ச் (தூரம்), காம்பஸ் பேரிங் (திசை) எடுத்து ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிடுங்கள்.

கரையில் உள்ள அலுவலகத்துக்கு, துறைமுக ஏஜென்ட் பெயரில் "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று மெயில் வரும். அதே மெயிலில் உள்ள எண்ணுக்கே போன் செய்து உறுதிப்படுத்தினால் எடுப்பவர் திருடன்தான். பழைய ஒப்பந்தத்தில் உள்ள எண்ணைக் கூப்பிடுங்கள். அந்த எண்களை மெயிலில் மட்டும் வைக்காமல் காகிதத்தில் அச்சிட்டும் வையுங்கள். மெர்ஸ்க்கில் மெயில் போனபோது ஊழியர்கள் வாட்ஸ்அப்பில்தான் வேலையை ஓட்டினார்கள்.